செருகி ஓட்டுவதா, ஊற்றி ஓட்டுவதா?

முடிச்சூரிலிருந்து வந்த கடிதம் ஒன்று சில வாரங்களாக நம் மேசைமீது கிடக்கிறது. எழுதியவர் நம் நெடுநாள் வாசகர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர். அவர் சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். துணைவியார் ஆசிரியை, தாம்பரத்தில் மின்ரயில் ஏறிச் சென்று வருகிறார். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. இளையவன் எட்டாம் வகுப்பு. வயது முதிர்ந்த தாயாருக்கு முழங்கால் வலி. ஆயினும் ஞாயிறு முதல் திருப்பலியைத் தவற விடுவதில்லை.

கேள்வி இதுதான். பதினோர் ஆண்டுகள் ஓடிய அவரது சிறிய கார் ஓய்வு கேட்கிறது. ஜெர்மனியில் வாழும் மைத்துனர் தம்மிடமுள்ள 'பிளக்-இன் ஹைப்ரிட்' காரைப் போற்றிப் பேசி, "வாங்கினால் இப்படி ஒன்றை வாங்குங்கள், மாமா" என்கிறாராம். அலுவலகத் தோழர்களோ, நம் சாலைக்கும் நம் மழைக்கும் சின்ன எஸ்.யு.வி.யே தக்கது என்று அடித்துச் சொல்கிறார்கள். கையில் சேமிப்பு ஐந்து இலட்சம். மகளின் படிப்பும் கண்முன் நிற்கிறது. என் செய்வது?

குடும்ப இதழில் மோட்டார் வாகன ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் தன் தோள்மீது ஏற்றிக்கொள்ளும் பெரிய கடன் இதுவே என்பதை எண்ணினால் புருவம் தானே இறங்கிவிடும். பங்கு ஆலய வளாகத்தில் புதுக் கார் மந்திரிக்கப்படும்போது மாலையும் எலுமிச்சம் பழமும் கண்ணில் படுகின்றன. ஏழாண்டுத் தவணைச் சீட்டு நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே விடையளிக்க எண்ணினோம்.

நம் பகுதிக்குக் காரும் புதிதல்ல, மின்சாரப் பயணமும் புதிதல்ல. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடிற்று. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்நாளில் தாம்பரம் வயலும் ஏரியும் சூழ்ந்த ஊர். கார்களோ வண்டலூரிலேயே செய்யப்பட்டன. ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த 'ஹெரால்டு' காரை நம் தாத்தாமார் இன்றும் நினைவுகூர்வர். 1985-ல் அதே தொழிற்சாலை பெரிய உருவமும் பழைய எஞ்சினும் கொண்ட 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. வெளித்தோற்றத்தில் சீமான், ஓட்டத்தில் அத்தனை சிறப்பில்லை. 1988-ல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. உருவத்தைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் பட்ட பாட்டை வண்டலூர்வாசிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மைத்துனரின் கார் எத்தகையது?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒரே காரில் இணைந்திருப்பதை ஹைப்ரிட் என்கிறோம். இது நேற்றைய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். 1900-ஆம் ஆண்டிலேயே பெர்டினாண்ட் போர்ஷே என்னும் இளம் பொறியாளர் இவ்வகை வண்டி ஒன்றைச் செய்து காட்டினார். மக்கள் வாங்கும் பொருளாக அதை ஆக்கியது ஜப்பானின் டொயோட்டா. 1997-ல் வெளிவந்த 'பிரையஸ்' அதன் பெயர்.

சாதாரண ஹைப்ரிட் காரிலுள்ள பேட்டரி மிகச் சிறியது. அதைச் சுவரிலுள்ள மின்முனையில் இணைக்க முடியாது. பிரேக்கை மிதிக்கும்போது வீணாகப் போகும் விசையை மின்சாரமாக்கி அது சேர்த்துக்கொள்கிறது. எஞ்சினும் அவ்வப்போது ஊட்டுகிறது. அந்த மின்சாரம் மீண்டும் கிளம்பும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் உதவுகிறது. பிளக்-இன் ஹைப்ரிட் இதைவிட ஒருபடி மேலே போகிறது. பேட்டரி பெரியது; வீட்டு மின்முனையில் செருகிச் சார்ஜ் ஏற்றலாம். காருக்குக் கார் வேறுபட்டாலும், பொதுவாக நாற்பது முதல் எண்பது கிலோமீட்டர் வரை பெட்ரோலைத் தொடாமலே செல்லும். அது தீர்ந்தபின் எஞ்சின் பொறுப்பேற்கும். உலகில் இவ்வகைக் காரைப் பெருமளவில் முதன்முதல் விற்றது சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம், ஆண்டு 2008.

நம் வாசகரின் அன்றாட வழியை எடுத்துக்கொள்வோம். முடிச்சூரில் புறப்பட்டு, மேற்குத் தாம்பரம் வந்து, இருப்புப் பாதையைக் கடந்து, கேம்ப் ரோடு சந்திப்பு, இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். போய்வர ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். 2022-ல் மேடவாக்கம் மேம்பாலம் திறந்தபின் அங்கே மூச்சுவிட முடிகிறது. கேம்ப் ரோட்டில் இன்னும் முடியவில்லை. இந்த நாற்பத்தைந்து கிலோமீட்டர் பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கென்றே அளந்து வைத்த தூரம் போல் இருக்கிறது. வாரநாள் முழுவதும் மின்சாரம்; ஆண்டுக்கொருமுறை வேளாங்கண்ணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும்போது பெட்ரோல். மைத்துனர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் இரண்டு செய்திகளை அவர் சொல்லாமல் விட்டார். ஜெர்மனியில் இத்தகைய கார்களுக்கு அரசு நெடுநாள் மானியம் வழங்கி வந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியோடுதான் அதை நிறுத்தியது. ஆகவே அங்கே பலர் வாங்கியது எரிபொருள் கணக்கைப் பார்த்து மட்டுமன்று. இரண்டாவது செய்தி சற்று வேடிக்கையானது. 2021-ல் பதிவான கார்கள் உண்மையில் குடித்த எரிபொருளை, அக்கார்களிலேயே பொருத்திய கருவிகளின் மூலம் திரட்டி, ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வகத்தில் குறித்த அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு! காரணம் எளிது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் செருகவில்லை. செருகாத நாளில் அது கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார்; அவ்வளவே.

இவையெல்லாம் போகட்டும். நம் ஊரில் அந்தக் கார் எங்கே கிடைக்கிறது? 2025-ஆம் ஆண்டு முடிய, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் காரும் இந்திய விற்பனைக் கூடங்களில் இடம்பெறவில்லை. இருந்தவை செல்வந்தர்க்கானவை. சான்றாக, 2022 டிசம்பரில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இங்கு அறிமுகப்படுத்திய 'எக்ஸ்.எம்.' என்னும் பிளக்-இன் ஹைப்ரிட் காரின் விலை 2 கோடியே 60 இலட்சம் ரூபாய். அந்நிறுவனத்தின் தொழிற்சாலை 2007 முதல் நமக்குப் பக்கத்தில், செங்கற்பட்டுச் சாலையில்தான் இயங்குகிறது. ஆயினும் இந்தக் கார் கடல் கடந்தே வந்தது. குறைந்த விலையில் சில வரவிருப்பதாகச் செய்திகள் அடிபடுகின்றன. வரட்டும், பார்ப்போம். வராத காருக்காகப் பழைய காரைப் பழுது பார்த்துக்கொண்டே காத்திருப்பது சேமிப்பைக் கரைக்கும் வழி.

பெயரில் ஒரு மயக்கம்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விற்பனைக் கூடத்தில் 'ஹைப்ரிட்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. 'ஸ்மார்ட் ஹைப்ரிட்', 'மைல்டு ஹைப்ரிட்' என்றெல்லாம் பலகையில் காணலாம். இவற்றில் சிறு மின்கருவி எஞ்சினுக்குக் கைகொடுக்கும்; அவ்வளவே. கார் மின்சாரத்தால் மட்டும் ஓரடிகூட நகராது. மின்சாரத்தாலும் தானே நகரக்கூடியது 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'. 2022-ல் மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர், ஹோண்டாவின் சிட்டி ஆகியவற்றில் இவ்வகை வந்தது. கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குச் சோதனைக்கூடம் தந்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். கேம்ப் ரோடு சோதனைக்கூடம் அன்று. அங்கே இருபது, இருபத்தொன்று கிடைத்தால் மகிழலாம். இருப்பினும் நெரிசலில்தான் இக்கார் தன் வித்தையைக் காட்டுகிறது. சாதாரணக் கார் நின்ற இடத்திலேயே பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்க, இது எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியாக ஊர்கிறது. குறை, பேட்டரி பின்புறத்தில் இடம் பிடித்துக்கொள்வதால் சாமான் அறை சுருங்கிவிடுகிறது. வேளாங்கண்ணிப் பயணத்தில் ஐவர் பெட்டிகளையும் சமையல் பாத்திரத்தையும் அடுக்கிய அனுபவமுள்ள இல்லத்தரசிகள் இதைக் கவனிக்கவும்.

இனிச் சின்ன எஸ்.யு.வி.க்கு வருவோம். இதன் பிறப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2006-ஆம் ஆண்டு மைய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறு எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. உடனே தொழிற்சாலைகள் தையற்காரன் அளவு நாடாவை எடுப்பதுபோல் எடுத்து, நான்கு மீட்டருக்குள் எதையெல்லாம் அடக்கலாம் என்று பார்க்கத் தொடங்கின. அப்படி உயரமான ஜீப்பின் தோற்றத்தைச் சிறிய காருக்குள் அடக்கியவற்றுள் பெரும்புகழ் பெற்றது, மறைமலைநகரில் போர்டு நிறுவனம் செய்து 2013-ல் வெளியிட்ட 'எக்கோஸ்போர்ட்'. நம் பங்குகளில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு அந்தத் தொழிற்சாலையின் சம்பளத்தில் எரிந்தது. 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022-ல் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்து கதவு மூடப்பட்டது. ஏற்றுமதிக்காக அத்தொழிற்சாலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை 2024-ல் நிறுவனம் தமிழக அரசுக்குத் தெரிவித்தது. கார் வாங்குவோர் கருத வேண்டிய பாடம் ஒன்று இதில் உண்டு. வண்டி நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. பத்தாண்டுக்குப் பின் உதிரிப் பாகம் தர ஆள் இருக்க வேண்டும். எக்கோஸ்போர்ட்டை இன்றும் விரும்பி ஓட்டுகிறவர்கள் பலர். பழைய வண்டிச் சந்தையில் அதை வாங்க எண்ணுவோர், பழுது பார்க்கும் இடத்தை முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

இன்றும் நம் சுற்றுவட்டாரம் சின்ன எஸ்.யு.வி.க்களின் தாய்வீடுதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் எக்ஸ்டர் முதலியவற்றைச் செய்கிறது. ஒரகடத்தில் நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் உருவாகின்றன. இவற்றின் நன்மை, தோழர்கள் சொல்லும் கம்பீரத்தில் இல்லை. நாம் கண்டறிந்த முதல் நன்மை இருக்கையின் உயரம். தாழ்ந்த காரில் முதியவர் அமர்வதென்றால் கிணற்றில் இறங்குவது போல. எழுவதென்றால் இருவர் கைகொடுக்க வேண்டும். சின்ன எஸ்.யு.வி.யில் இருக்கை ஏறக்குறைய இடுப்பளவில் இருப்பதால் பாட்டியம்மாள் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். வாங்குமுன் அவரையே கூட்டிச்சென்று இரண்டுமுறை ஏறி இறங்கச் செய்க. விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டாவது நன்மை தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம்; பெரும்பாலும் 190 முதல் 210 மில்லிமீட்டர். நம் தெருக்களின் வேகத்தடைகளை யார் எந்த அளவுகோலால் கட்டினார்களோ, அறியோம். அவற்றின்மேல் அடிப்பாகம் உரசாமல் செல்வது பெரிய நிம்மதி.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்ற மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. காருக்கு எத்தனை விண்மீன் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு விடைதான்.

பென்சிலும் தாளும்

இப்போது கணக்கு. கீழே வரும் விலைகள் தோராயமானவை. காருக்குக் கார், மாதத்துக்கு மாதம் மாறக்கூடியவை. முறையைப் பார்த்துக்கொண்டு அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி மாற்றியமைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு நூற்றுக்குப் பதினெட்டு. அந்த அளவைக் கடந்தால், ஹைப்ரிட்டாயினும் நாற்பது. முழு மின்சாரக் காருக்கு ஐந்து. ஹைப்ரிட் ஏன் விலை கூடி நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து, தமிழக அரசின் சாலை வரி. 2023 நவம்பர் முதல், ஐந்து இலட்சத்துக்கு மேல் பத்து இலட்சம் வரை விலையுள்ள காருக்கு நூற்றுக்குப் பதின்மூன்று; பத்துக்கு மேல் இருபது இலட்சம் வரை பதினெட்டு. இதிலே ஒரு படிக்கட்டு ஒளிந்திருக்கிறது. 9 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க் காருக்கு வரி ஏறத்தாழ 1 இலட்சத்து 29 ஆயிரம். 10 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க் காருக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 82 ஆயிரம். இருபதாயிரம் ரூபாய் அலங்காரத்துக்கு ஆசைப்பட்டு ஐம்பத்து மூன்றாயிரம் வரி கட்டிய அன்பர்களை நாம் அறிவோம். முழு மின்சாரக் கார்களுக்கு இந்தச் சாலை வரியிலிருந்து 2025 இறுதி வரை முழு விலக்கு இருந்தது. அதன்பின் உள்ள நிலையை வாங்கும் வாரத்தில் தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்க.

நம் வாசகர் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைப்போம். சின்னப் பெட்ரோல் எஸ்.யு.வி. நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தந்தால் மாதச் செலவு 8,300 ரூபாய். ஸ்ட்ராங் ஹைப்ரிட் இருபத்தொன்று தந்தால் ஏறக்குறைய 4,800. முழு மின்சாரச் சிறு எஸ்.யு.வி. ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் செல்லும் எனக் கொண்டு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால், மாதம் 170 யூனிட் தேவை. இங்கே நம் மின்கட்டணத்தின் படிநிலையை மறந்துவிடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட் எரிக்கும் வீடு, கார் வந்தபின் 740-ஐத் தொடும். ஐந்நூறைக் கடந்ததும் மேல்யூனிட்டுக்கு மட்டுமின்றிக் கீழ்யூனிட்டுக்கும் சலுகை குறைகிறது. கூட்டிப் பார்த்தால் காருக்கான யூனிட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது ரூபாயில் விழுகிறது. அப்படியும் மாதம் ஏறக்குறைய 1,500 ரூபாய்தான்.

ஓட்டச் செலவு இப்படி. வாங்கும் செலவோ வேறு கதை பேசுகிறது. ஒன்பதரை இலட்ச ரூபாய்ப் பெட்ரோல் எஸ்.யு.வி. வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து பதினொன்றே கால் இலட்சத்துக்கு வாசலுக்கு வரும். பதினேழு இலட்ச ரூபாய் ஸ்ட்ராங் ஹைப்ரிட் இருபதே முக்கால் இலட்சம் ஆகிவிடும். வேறுபாடு ஒன்பதரை இலட்சம். மாதம் 3,500 ரூபாய் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகும்! அதற்குள் எட்டாம் வகுப்புச் சிறுவன் தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பான். நியாயமாகச் சொல்வதானால், இவ்விரண்டும் வெவ்வேறு அளவுள்ள வண்டிகள். அதே பெரிய காரின் பெட்ரோல் வகையோடு ஒப்பிட்டால் ஈடாவதற்குப் பத்தாண்டு போதும். பெரிய கார் எப்படியும் வேண்டும், மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு என்பவர்க்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட் நல்ல தோழன். நம் வாசகர் அந்த இனத்தவர் அல்லர்.

பதின்மூன்று இலட்ச ரூபாய் மின்சாரச் சிறு எஸ்.யு.வி. சாலை வரி விலக்கு இருந்தால் பதின்மூன்றரை இலட்சத்தைச் சற்றே தாண்டும். விலக்கு இல்லையேல் பதினாறை நெருங்கும். மாதம் 6,800 ரூபாய் மிச்சமாவதால், முதல் நிலையில் மூன்றாண்டிலும், இரண்டாம் நிலையில் ஆறாண்டுக்குள்ளும் பெட்ரோல் காருக்கும் இதற்குமுள்ள வேறுபாடு ஈடாகிவிடும். மைத்துனர் காட்டிய நன்மையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் தினப்பயணத்துக்கு எஞ்சினைச் சுமக்கத் தேவையில்லை. அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருத்தலத்துக்குப் போய்வரவும் ஒரே சார்ஜ் தாராளமாகப் போதும். வேளாங்கண்ணிக்கு வழியில் ஓரிடத்தில் நின்று ஏற்ற வேண்டிவரும். தேநீரோடு செபமாலையும் முடித்துவிடலாம்.

தவணையையும் பார்ப்போம். பத்து இலட்சம் கடனை நூற்றுக்கு ஒன்பது வட்டியில் ஏழாண்டுக்கு வாங்கினால் மாதம் 16,090 ரூபாய்; வட்டியாக மட்டும் மூன்றரை இலட்சம் போகும். பதினாறு இலட்சம் என்றால் மாதம் 25,740. இந்த இரண்டு தவணைகளுக்கும் இடையேயுள்ள 9,650 ரூபாயை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எதிரே எழுதிப் பாருங்கள் என்று வாசகருக்கு எழுதினோம்.

தண்ணீர் வரும் ஊர்

முடிச்சூர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2015. டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது தெருக்களில் படகு சென்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்புறநகர்ப் பகுதிகள் தத்தளித்தன. இந்த ஊரில் கார் வாங்குகிறவர் மைலேஜுக்கு முன்னால் தண்ணீரைக் கேட்க வேண்டும்.

உயரமான கார் என்பதால் வெள்ளத்தில் இறக்கலாம் என்பது ஆபத்தான எண்ணம். அடிப்பாகம் இருநூறு மில்லிமீட்டர் என்றால் அது ஒரு சாண் அளவுக்குக்கூட வராது. தண்ணீர் காற்றுக்குழாய் வழியே எஞ்சினுக்குள் புகுந்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முயன்று உடைந்துபோகும். ஆகவே தண்ணீரில் நின்றுபோன பெட்ரோல் காரை மீண்டும் 'ஸ்டார்ட்' செய்யவே கூடாது; தள்ளி மேட்டில் ஏற்றிப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். நின்ற காரை வலிந்து கிளப்பியதால் உடைந்த எஞ்சினுக்குச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஈடு தராது. எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச்சேர்க்கையைச் சில ஆயிரம் கட்டி எடுத்துக்கொள்வது நம் பகுதியில் ஆடம்பரமன்று.

மின்சாரக் காரில் காற்றுக்குழாய் இல்லை. அதன் பேட்டரிப் பெட்டி பெரும்பாலும், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்ற தரத்துக்குச் செய்யப்படுகிறது. சாலையில் தேங்கிய நீருக்கு அது போதும். முடிச்சூர் கண்ட வெள்ளமோ அரைமணியில் வடியவில்லை. மூழ்கிய மின்சாரக் காரைச் சார்ஜில் போடுவது உயிருக்கே கேடு. நிறுவனத்தார் வந்து சோதிக்கும்வரை தொடாதிருப்பதே முறை. பிளக்-இன் ஹைப்ரிட்டில் எஞ்சினும் உண்டு, உயர்மின்னழுத்தப் பேட்டரியும் உண்டு. வெள்ளத்தில் இரண்டுக்கும் கவலைப்பட வேண்டும். எந்தக் காராயினும் மழை எச்சரிக்கை வந்த இரவில் மேட்டுநிலத்தில் நிறுத்த ஓரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பவரே நிம்மதியாக உறங்குவார்.

திருச்சபையும் இப்பொருளில் வாய்மூடி இருக்கவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், ஓரிருவரை மட்டுமே ஏற்றிக்கொண்டு நகரச் சாலைகளை நிரப்பும் கார்களைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார். பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரப் பணிக்கிறார். வத்திக்கான் நகரம் தன் வண்டிகளை 2030-க்குள் மின்சாரத்துக்கு மாற்றும் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. 2024 டிசம்பரில் திருத்தந்தைக்கு மின்சாரத்தில் இயங்கும் வண்டியே வழங்கப்பட்டது. முதிய வாசகர்களுக்கு வேறொரு கார் நினைவுக்கு வரலாம். 1964-ல் மும்பைக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் தந்துவிட்டுப் போனார். அன்னை அதில் ஒருநாளும் ஊர்வலம் போகவில்லை. பரிசுச் சீட்டுக்கு விட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளர் பணிக்குச் செலவிட்டார்.

பொதுப் போக்குவரத்து என்றதும் வாசகரிடம் ஒன்று கேட்டோம். துணைவியார் ரயிலில் போகிறார். தாங்கள் ஏன் வாரத்தில் இருநாளாவது பேருந்தில் போகக் கூடாது? தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நேரடிப் பேருந்து உண்டு. மாலை நெரிசலில் நின்றுகொண்டே வர இடுப்பு ஒத்துழைப்பதில்லை என்று பதில் வந்தது. அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே ரயில் இல்லாத குறையை ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவது முறையாகாது.

எல்லாவற்றையும் எழுதியபின் இறுதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: கார் நிறுத்துமிடத்தில் தங்களுக்கென மின்முனை உண்டா? தனி வீடாயிருந்து, நல்ல 'எர்த்' இணைப்போடு பதினாறு ஆம்பியர் முனை இருந்தால் மின்சாரச் சிறு எஸ்.யு.வி.; அஃது இல்லையேல் பத்து இலட்சத்துக்கு உட்பட்ட பெட்ரோல் சின்ன எஸ்.யு.வி. இதுவே நம் கருத்து. அவர் இருப்பதோ எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம். தூண்களுக்கு நடுவே பொதுவான நிறுத்துமிடம்.

சென்ற வாரம் இரண்டாம் கடிதம் வந்தது. அடுக்ககச் சங்கம் கூடிப் பேசியதாம். எவரோ ஒருவர் தீப்பிடிக்கும் என்று அஞ்சினாராம். இன்னொருவர் பொது மின்கட்டணம் ஏறும் என்றாராம். இறுதியில், தம் வீட்டு மீட்டரிலிருந்தே சொந்தச் செலவில் கம்பி இழுத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முனை அமைத்துக்கொள்ள இசைவு தந்துவிட்டார்கள். மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு மனுக்கொடுத்திருக்கிறார். 2015-ல் தண்ணீர் நின்ற அடையாளம் தூணில் இன்னும் தெரிவதாகவும், அதற்கு ஒரு முழம் மேலே முனையை வைக்கச் சொல்லியிருப்பதாகவும் எழுதுகிறார். காரை இன்னும் பதிவு செய்யவில்லை. மகளின் செவிலியர் கல்லூரிக்கான முதல் தவணை கட்டியாயிற்றாம். பழைய காருக்கு ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறாராம்.